ஆராவமுதும் அழியா யந்திரமும்

காவிரிக்கும் அரிசிலாற்றுக்கும் இடையே அமைந்த குடந்தைத் திருநகரில், சார்ங்கபாணிப் பெருமான் எழுந்தருளியிருக்கும் கருவறை கல்லாலாகிய தேர் வடிவில் விளங்குவதைச் சேவித்தோர் அறிவர். பெருஞ்சக்கரங்கள் அமைந்த அத்தேரை யானைகளும் குதிரைகளும் இழுத்துச் செல்லும் பாவனையில் சிற்பிகள் வடித்துள்ளனர். கோமளவல்லித் தாயாரை மணம் புரிய எம்பெருமான் வைகுந்தத்தினின்று எழுந்தருளிய தேர் அதுவே என்பது தலவரலாறு. சரீரத்தைத் தேராகவும், ஆத்மாவை அதில் அமர்ந்து செல்பவனாகவும் உருவகம் செய்தது கடோபநிஷத்து. அந்த உருவகத்தையும் இந்தக் கல்தேரையும் சேர்த்து நினைப்பவர் உள்ளத்தில், இக்காலத்துக்கு மிகவும் வேண்டிய ஒரு கேள்வி எழும். தேரை மாற்றலாம், செப்பனிடலாம். தேரையே அமர்ந்திருப்பவனாக ஆக்கிவிட முடியுமா என்பதே அக்கேள்வி.

சித்திரைத் தேர்த் திருநாளில் வடம் பிடிக்க வரும் முதியோரில் எத்தனையோ பேர் கண்புரை நீக்கிக்கொண்டவர்கள். அவர்கள் எம்பெருமானைச் சேவிப்பது பிறவியில் அமைந்த விழியாடி வழியாக அன்று. மருத்துவர் கண்ணுக்குள் பொருத்திய செயற்கை லென்ஸ் வழியாக. போர்விமானிகளின் கண்ணில் தைத்த விமானக் கண்ணாடிச் சில்லுகள் தீங்கின்றிக் கிடந்ததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கில மருத்துவர், 1949-ஆம் ஆண்டு லண்டனில் இதனை முதன்முதல் செய்து காட்டினார். மதுரையில் 1976-ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ஆம் ஆண்டு முதல் ஆரோலேப் என்னும் தன் ஆலையில் இந்த லென்ஸைச் செய்து ஏழையர்க்கும் எட்டச் செய்தது. செவிப்புலன் இன்றிப் பிறந்த குழந்தைகளுக்கு உட்செவியில் மின்கருவி பொருத்தும் சிகிச்சை, தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே இன்று அடங்கியுள்ளது. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் தாங்கியோர் ஊர்தோறும் உள்ளனர்.

ஆகவே மனித உடலும் யந்திரமும் சேர்வது புதுமையும் அன்று, வெறுக்கத்தக்கதும் அன்று. பிறர் துயர் துடைக்கும் எச்செயலும் எம்பெருமானுக்கு உகந்த கைங்கரியமே. ஐயம் எழுவது இதற்கு அப்பால் ஓரடி எடுத்து வைக்கும் இடத்தில்தான்.

நாள் குறிப்போர்

மேலைநாட்டில் வருங்காலம் உரைக்கும் அறிஞர் சிலர், மனிதன் யந்திரத்தோடு கலந்து மரணத்தை வெல்லும் காலம் அண்மையில் உள்ளதென நாள் குறித்து எழுதி வருகின்றனர். அவர்களுள் புகழ்பெற்றவர் அமெரிக்க நாட்டின் ரே கர்ஸ்வைல். 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், 2045-ஆம் ஆண்டளவில் மனித அறிவும் யந்திர அறிவும் ஒன்றாகிப் பன்மடங்கு பெருகும் என்று அவர் கூறினார். 2024-ஆம் ஆண்டில் வெளிவந்த அடுத்த நூலிலும் அந்நாளையே உறுதிப்படுத்தினார். மூளையில் உள்ளவற்றை எல்லாம் கணிப்பொறிக்கு மாற்றிவிட்டால், உடல் வீழ்ந்தாலும் மனிதன் வீழான் என்பது இவ்வகை எழுத்துக்களின் சாரம்.

இப்படி நாள் குறிப்பது இன்று தொடங்கியதன்று. மனிதன் செய்யும் எவ்வேலையையும் இருபது ஆண்டுகளுக்குள் யந்திரங்கள் செய்யவல்லன ஆகும் என்று 1965-ஆம் ஆண்டில் எழுதியவர் ஹெர்பர்ட் சைமன். பின்னர் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். 1985 வந்தது, சென்றது. மனித மூளையைக் கணிப்பொறியில் முழுவதும் அமைப்பது பத்தாண்டுகளில் இயலும் என்று 2009-ஆம் ஆண்டில் ஹென்றி மார்க்ரம் என்னும் நரம்பியல் அறிஞர் மேடையில் அறிவித்தார். 2013-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நாடுகள் பெரும்பொருள் செலவிட்டுத் தொடங்கிய மூளை ஆராய்ச்சித் திட்டம் பயனுள்ள பல கருவிகளைத் தந்து 2023-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கணிப்பொறிக்குள் மனித மூளை மட்டும் பிறக்கவில்லை.

இவற்றினும் உருக்கமானது எஸ்ஃபாண்டியாரி என்பாரின் வரலாறு. 1930-ஆம் ஆண்டில் பிறந்த அவர், தாம் நூறாண்டு நிறைவை 2030-ஆம் ஆண்டில் கொண்டாடுவது உறுதி என்ற நம்பிக்கையால் தம் பெயரையே எஃப்.எம். 2030 என மாற்றிக்கொண்டார். 2000-ஆம் ஆண்டில் புற்றுநோய் அவரைக் கொண்டு சென்றது. என்றேனும் எழுப்பப்படலாம் என்ற எண்ணத்தில், அவர் உடல் அமெரிக்காவில் கடுங்குளிரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. இம்முறையில் முதல் உடல் உறைய வைக்கப்பட்டது 1967-ஆம் ஆண்டில். இன்றுவரை எழுந்தவர் ஒருவரும் இலர். இதைக் கேட்டு நகைப்பது அடியார்க்கு அழகன்று. மரணத்தை அஞ்சாத நெஞ்சம் அரிது. அந்த அச்சமே இத்தகைய நாட்குறிப்புகளுக்கு விளைநிலம் என்பதை மட்டும் உணர்ந்தால் போதும்.

வரைபடமும் தண்ணீரும்

விஞ்ஞானம் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்றுக்கு நரம்பணுக்கள் 302 மட்டுமே. அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்தை விஞ்ஞானிகள் 1986-ஆம் ஆண்டிலேயே வரைபடமாக வெளியிட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்தும், அப்புழுவின் வாழ்க்கையை முழுமையாகக் கணிப்பொறியில் நடத்திக் காட்ட இயலவில்லை. பழ ஈ ஒன்றன் மூளையில் ஏறத்தாழ 1,40,000 நரம்பணுக்கள். அவற்றின் முழு வரைபடம் 2024-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. மனித மூளையிலோ ஏறத்தாழ 8,600 கோடி.

வரைபடம் கிடைத்துவிட்டால் உயிர் கிடைத்துவிடும் என்பதும் ஆராயத்தக்கது. கல்லணையினின்று கடைமடை வரை செல்லும் ஆறுகளையும் வாய்க்கால்களையும் ஒன்று விடாமல் வரைந்த படம் பொதுப்பணித் துறை அலுவலகச் சுவரில் தொங்கலாம். அந்தப் படத்தால் ஒரு நாற்றங்காலும் நனைவதில்லை. மதகு இருக்கும் இடம் தெரிவது வேறு. மதகில் தண்ணீர் வருவது வேறு.

2024-ஆம் ஆண்டு ஜனவரியில், உடல் செயலற்ற ஒருவரின் மூளையில் அமெரிக்காவில் பொருத்தப்பட்ட நியூராலிங்க் கருவி, எண்ணத்தாலேயே கணிப்பொறித் திரையில் குறியை நகர்த்தும் ஆற்றலை அவருக்குத் தந்தது. பாராட்டத்தக்க சாதனை அது. ஆனால் சில வாரங்களில் அக்கருவியின் நுண்ணிழைகள் பல மூளைத் திசுவினின்று விலகின. மென்பொருளை மாற்றியமைத்தே குறையை ஈடுசெய்தனர். கை இழந்தவர்க்கு ஒரு கை கிடைத்தது என்று இதனைக் கொள்வது நேர்மை. மரணத்துக்கு மருந்து கிடைத்தது என்று கொள்வது கற்பனை.

சந்நிதித் தெருவின் சான்று

இக்கேள்விக்கு மிகச் சிறந்த சான்று வெகுதூரத்தில் இல்லை. சார்ங்கபாணி சந்நிதித் தெருவிலேயே உள்ளது. கணிதமேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன் வளர்ந்த இல்லம் அத்தெருவில் இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. 1887-ஆம் ஆண்டில் ஈரோட்டில் பிறந்து, குடந்தையில் பயின்று, 1914-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சென்று, 1919-ஆம் ஆண்டில் நோயுடன் திரும்பி, 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் தம் 32-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார் அவர். தம் கணிதம் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்று அவர் கூறி வந்ததை அறிந்தோர் எழுதியுள்ளனர்.

அவருடைய அறிவு ஏட்டில் தங்கியது. ஆயிரக்கணக்கான முடிவுகள் அடங்கிய அவருடைய நோட்டுப் புத்தகங்களுக்கு விளக்கம் கண்டு, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து பெருந்தொகுதிகள் வெளியிட்டார். இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் காணாமற்போய், 1976-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்பவரால் கண்டெடுக்கப்பட்டன. இஸ்ரேல் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், புதிய கணித வாய்பாடுகளை ஊகித்துக் கூறும் கணிப்பொறி முறை ஒன்றை அமைத்து, அதற்கு ராமாநுஜன் யந்திரம் என்றே பெயரிட்டு 2021-ஆம் ஆண்டில் அதன் பயன்களை வெளியிட்டனர்.

ஒரு மனிதனின் அறிவு இவ்வளவு முழுமையாகக் காப்பாற்றப்பட்டது அரிது. அதனால் ராமாநுஜன் மரணத்தை வென்றார் எனலாமா? அவர் துணைவியார் ஜானகி அம்மையார், அவர் மறைந்த பின் எழுபத்து நான்கு ஆண்டுகள், 1994 வரை வாழ்ந்தார். தையற்கலையால் பொருளீட்டியவர். 1980-களில் உலகக் கணித அறிஞர் பலர் பொருள் சேர்த்து ராமாநுஜனின் வெண்கலத் திருவுருவம் ஒன்றை அவருக்கு அளித்தனர். ஏடுகள் இருந்தன, வாய்பாடுகள் இருந்தன, இறுதியில் உருவமும் வந்தது. அவற்றுள் ஒன்றேனும் அந்த இல்லத்துக்குத் திரும்பி வந்த ராமாநுஜன் ஆகுமோ? ஆகாதெனின், அவற்றை எத்தனை மடங்கு பெருக்கி, எத்தனை நுட்பமான யந்திரத்தில் இட்டாலும், கிடைப்பது மேலும் நல்லதோர் ஏடேயன்றி வேறில்லை.

இங்கேதான் விசிஷ்டாத்வைத சித்தாந்தத்தின் நுண்மை துணை வருகிறது. நினைவுகளின் தொகுதி ஆத்மா அன்று. நினைப்பவன், அறிபவன், "நான்" என்று தனக்குத்தானே தோன்றுபவன் எவனோ அவனே ஆத்மா. அறிவு அவனுடைய தர்மம். விளக்கின் ஒளிபோல் விரிந்து சுருங்குவது. ஒளி பட்ட சுவரைப் பெயர்த்து எடுத்துச் செல்பவன் விளக்கை எடுத்துச் செல்வதில்லை. மேலும் ஒருவரின் நினைவுகளை இரண்டு யந்திரங்களில் பதித்தால், இரண்டும் "நானே அவன்" என்று சாதிக்குமே! ஒருவன் இருவனாதல் எங்ஙனம்? உயிருடன் இருக்கும்போதே பதித்துவிட்டால், யந்திரம் பேசிக்கொண்டிருக்க, அருகில் நிற்பவன் தன் மரணத்தை எதிர்நோக்கியே நிற்பான்.

ஓர் ஆட்சேபம்

கல்லிலும் வெண்கலத்திலும் இறைவன் முழுமையாக எழுந்தருளுகிறான் என்று நம்பும் வைணவர், மனிதன் யந்திரத்தில் குடியேறுவதை மட்டும் மறுப்பது என்ன நியாயம் என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே.

விடை இதுவாகும். எம்பெருமான் எங்கும் நிறைந்தவன். ஓரிடத்தில் முழுமையாக இருப்பதால் மற்றோரிடத்தில் குறைவுபடாதவன். அர்ச்சாவதாரம் அவன் தன் சங்கற்பத்தால், அடியார்க்கு எளியனாக, விரும்பி ஏற்ற நிலை. உலோகம் அவனைப் பிடித்து வைத்ததன்று. ஜீவனோ அணு. தன் விருப்பப்படி உடலைத் தேர்ந்து புகும் சுதந்திரம் அவனுக்கு இல்லை.

பல உடல் எடுத்தவர் கதையும் சம்பிரதாயத்தில் உண்டு. விஷ்ணு புராணம் கூறும் சௌபரி முனிவர், தவவலிமையால் ஐம்பது உடல் தாங்கி, மாந்தாதாவின் ஐம்பது புதல்வியரை மணந்து வாழ்ந்தார். மாளிகைகள் வந்தன, மக்கள் பிறந்தனர். மகன் நடக்கக் காணவேண்டும், மணக்கோலம் காணவேண்டும், பேரனைக் காணவேண்டும் என்று ஆசை ஒன்றன்பின் ஒன்றாக நீண்டது. ஒருநாள் அவர் விழித்துக்கொண்டார். இலட்சம் ஆண்டு கழிந்தாலும் ஆசைக்கு முடிவில்லை என உணர்ந்து, யாவற்றையும் விட்டு வனம் புகுந்தார். எதிர்காலவாதிகள் வேண்டும் வரம் அவருக்கு முன்பே கிடைத்தது. உடல் ஐம்பதானதால் ஆசையும் ஐம்பதாயிற்றேயன்றி நிறைவு ஒன்றும் விளையவில்லை.

யாருக்கு அடிமை?

பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் சரீரம் என்பதற்குக் கூறும் இலக்கணம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஓர் ஆத்மாவினால் தன் பொருட்டு முழுதும் தாங்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அதற்கே சேஷமாக இருக்கும் திரவியம் எதுவோ, அதுவே அந்த ஆத்மாவுக்குச் சரீரம் என்பது அதன் கருத்து. கண்ணில் வைத்த லென்ஸ் கண்ணுக்குப் பணி செய்கிறது. கண் காண்பவனுக்குப் பணி செய்கிறது. முறை பிறழவில்லை. திருச்சி பெல் ஆலை பல திருக்கோயில் தேர்களுக்குச் செய்தளித்த இரும்புச் சக்கரங்களும் அவ்வாறே. சக்கரம் தேருக்கு, தேர் எம்பெருமானுக்கு என்ற முறை நிற்கும் வரை இரும்பும் கைங்கரியத்தில் சேர்கிறது.

முறை பிறழ்ந்தால் விளைவது என்ன? பார்வை இழந்தோர்க்கு விழித்திரையில் பொருத்தும் மின்கருவியை அமெரிக்க நிறுவனம் ஒன்று செய்து விற்றது. உலகில் முந்நூற்றைம்பது பேருக்கு மேல் அதனைப் பொருத்திக்கொண்டு ஓரளவு ஒளி பெற்றனர். சில ஆண்டுகளில் இலாபமில்லை என்று நிறுவனம் அக்கருவியைக் கைவிட்டது. பழுது பார்ப்பாரும் மாற்றுப் பகுதி தருவாரும் இல்லாமல், கருவி நின்ற சிலர்க்கு மீண்டும் இருள் சூழ்ந்தது; உயிரற்ற அக்கருவி கண்ணுக்குள்ளேயே தங்கிற்று. 2022-ஆம் ஆண்டில் இச்செய்தி உலகறிய வெளியாயிற்று.

கண் ஒன்று பிறர் கணக்கேட்டில் வரவு செலவானதற்கே இத்துணைத் துயரம். எண்ணமும் நினைவும் பாசமும் ஒரு வணிகரின் யந்திரத்தில் குடியேறினால், அவற்றைத் தாங்குபவர் யார்? நியமிப்பவர் யார்? அவை யாருக்குச் சேஷம்? ஆண்டுக் கட்டணம் செலுத்தத் தவறிய நாளில் அந்த அமரத்துவம் என்னாகும்? ஜீவன் எம்பெருமான் ஒருவனுக்கே சேஷன், மற்றெவர்க்கும் அல்லன் என்று ஆசாரியர்கள் அறுதியிட்டது, மனிதனைத் தாழ்த்துவதற்கன்று. அவனைப் பிறர் எவரும் உடைமையாக்கிக்கொள்ள இயலாது என்று காப்பதற்கே ஆகும்.

வைகுந்தம் என்பதும் கண்டறியாத வருங்கால வாக்குத்தானே என்று ஒருவர் கேட்டால், அதனை அளந்து காட்ட இயலாது என்பதை அடியார் ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை. வேறுபாடு, வாக்கைக் கேட்பவனிடம் அது என்ன செய்கிறது என்பதில் உள்ளது. ஒன்று "எனது, எனது" என்பதை முடிவின்றி நீட்டுவதாகச் சொல்லி விலை கேட்கிறது. மற்றொன்று "எனது" என்பதை இன்றே இறக்கி வைக்கச் சொல்கிறது. நாளும் குறிப்பதில்லை, விலையும் கேட்பதில்லை.

நாற்றங்காலும் நாதமுனிகளும்

நாள் குறிப்பதன் எல்லையைத் தஞ்சைத் தரணியின் உழவர் நன்கறிவர். 1934-ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்படுவது மரபு. ஆயினும் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் திறக்க இயலாமல், 2020-ஆம் ஆண்டில்தான் மீண்டும் அந்நாளில் மதகுகள் உயர்ந்தன. 2024-ஆம் ஆண்டில் ஜூலை இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. உழவர் நாளை நம்பிச் சோம்பியிருப்பதும் இல்லை; நாள் பொய்த்ததென்று நிலத்தை வெறுப்பதும் இல்லை. வரப்பைச் செம்மை செய்து, விதையைப் பேணி, இன்றைய வேலையை இன்று செய்கின்றனர். மரணத்தை வெல்லும் நாள் 2045 என்று கேட்டுக்கொண்டே, வீட்டிலிருக்கும் முதிய தாய் தந்தையருடன் அமர்ந்து பேச இன்று பொழுதில்லை என்போர், அறுவடையைக் கனவில் கண்டு நடவை மறந்தவர்கள்.

நிலைத்திருத்தலின் வழியும் நெல்லில் உள்ளது. கதிர் தன்னையே என்றும் வைத்துக்கொள்வதில்லை. முதிர்ந்து, காய்ந்து, விதையாகித் தன்னைக் கொடுக்கிறது. நாதமுனிகளின் வரலாறும் அதனையே கூறும். காட்டுமன்னார்கோயிலில் அவர் திருமுன்பு, அடியார் சிலர் குடந்தை ஆராவமுதன்மீது நம்மாழ்வார் அருளிய பத்துப் பாசுரங்களைப் பாடினர். ஆயிரத்தில் அவை பத்து என்னும் குறிப்பைக் கேட்ட நாதமுனிகள், எஞ்சியவற்றைத் தேடிக் குடந்தைக்கும் பின்னர்த் திருக்குருகூருக்கும் சென்றார். மதுரகவிகளின் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் முறை ஓதி, ஆழ்வாரிடமே நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை வரலாறு. பெற்றதைத் தம்முடன் வைத்துக்கொள்ளாமல் இசை கூட்டித் தம் மருமக்கள் இருவருக்குக் கற்பித்தார். அவர்கள் மறைந்தனர், அவர்தம் சீடரும் மறைந்தனர். மறைவதற்கு முன் ஒவ்வொருவரும் மற்றொருவர் செவியில் சேர்த்துச் சென்றதால்தான் இன்று தேருக்கு முன்னே கோஷ்டி நடக்கிறது. ஒருவரும் சாகாமலிருந்து காத்ததன்று அது. ஒவ்வொருவரும் கொடுத்துச் சென்றதால் நின்றது.

சௌபரிக்கு ஆசை தணியவில்லை. அடியார்க்கு ஆராவமுது தணிவதில்லை. தணியாமை இரண்டிலும் ஒன்றுபோல் தோன்றினாலும், முன்னது பெறப் பெற வெறுமை. பின்னது சேவிக்கச் சேவிக்க நிறைவு. அழியா யந்திரத்தைத் தேடுவோர் வேண்டுவது நீண்ட காலம். அடியார் வேண்டுவது காலத்தின் நீளமன்று. அதற்குள் சுவைக்கத்தக்க பொருள்.

செயற்கை லென்ஸ் வைத்த கண்ணோடு ஒரு முதியவர் தேர்வடத்தைத் தொட்டு நிற்கிறார். கண்ணைத் திருத்தித் தந்த விஞ்ஞானத்துக்கு அவர் கைகூப்பட்டும், அது நன்றியறிதல். அந்தக் கண்ணால் காண வேண்டியது எது என்பதை அவருக்குச் சொல்ல எந்த யந்திரமும் வேண்டியதில்லை. தேர் அசைகிறது. அடுத்த ஆண்டு வடம் பிடிக்க அவர் இருப்பாரோ, இராரோ. அருகில் நிற்கும் பேரன் கையில் வடத்தின் ஒரு முழம் இப்போதே இருக்கிறது.

ஆராவமுதன் திருவடிகளே சரணம்.